வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஃபயர்வால் பெட்டி விற்க வரும் பிரதிநிதிகள் எல்லோரும் ஒரே மாதிரியான அட்டவணையைத்தான் மேசையில் விரிக்கிறார்கள். இடப்பக்கம் வசதிகளின் பட்டியல். வலப்பக்கம் தங்கள் பெட்டிக்கு வரிசையாகப் பச்சை டிக், போட்டியாளரின் பெட்டிக்கு அங்கங்கே சிவப்புப் பெருக்கல் குறி. எங்கள் முதலாளி டிக்குகளை எண்ணிப் பார்ப்பார். நூல் வாங்கிப் பழகியவர், கவுண்ட் பார்த்தே தரம் சொல்கிறவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "போன வருஷம் இதிலிருந்து எதையெல்லாம் எடுத்தீங்க?"

பிரதிநிதி முதலாளியைப் பார்ப்பார். "எடுக்கிறதா? நாங்க சேர்த்துக்கிட்டேதான் சார் இருக்கோம்."

அந்தப் பதிலால்தான் அவர்களுடைய பெட்டி எதுவும் எங்கள் அலுவலகத்துக்குள் வரவில்லை. எங்கள் இணைய இணைப்பின் வாசலில் நிற்பது இரண்டு நெட்வொர்க் கார்டு செருகிய பழைய மேசைக் கணினி. அதில் ஓடுவது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். கனடாவின் கால்கரி நகரில் இருக்கும் தியோ டி ராட் 1995இல் தொடங்கியது; உலகெங்கும் உள்ள சிறு கூட்டம் ஒன்று இன்றுவரை பராமரிக்கிறது. யாரை உள்ளே விடலாம், யாரை விடக் கூடாது என்கிற எங்கள் விதிகளை அச்செடுத்தால் ஒரே தாளில் அடங்கும். புதிதாகச் சேர்ந்த பையன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் படிக்க உட்கார்ந்தான். சாயங்காலம் டீ வருவதற்குள், "இந்த வரி எதுக்கு சார்? இந்த சர்வரைத்தான் போன மாசமே கழட்டிட்டோமே" என்று கேட்டான். அப்படிக் கேட்க முடிகிற அளவுக்கு அது சின்னதாக இருக்கிறதே, என் பாதுகாப்பில் பாதி அதுதான்.

சொல்ல வருவது எங்கள் அலுவலகத்தைப் பற்றி மட்டும் இல்லை. இதைப் படிக்கும் உங்கள் கைபேசியிலும் மடிக்கணினியிலும், உங்கள் வங்கியின் சர்வரிலும், இணையத்தோடு பேசுவதற்கென்றே சில மென்பொருள்கள் இயங்குதளத்துக்குள் குடியிருக்கின்றன. அவற்றை யார் பராமரிக்கிறார்கள், எதைச் சேர்க்கிறார்கள், எதைத் தூக்கி எறிகிறார்கள் என்பது பொது விஷயம். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளில் நீங்கள் தொடாத நூறு வசதிகள் இருந்தாலும் அவை சும்மா கிடக்கும். நெட்வொர்க் மென்பொருளோ முன்பின் தெரியாதவர் அனுப்புவதையும் வாங்கிப் பிரித்துப் படித்தாக வேண்டும். அதில் நீங்கள் பயன்படுத்தாத வசதியை வேறொருவர் பயன்படுத்திக்கொள்ள முடியும், அதுவும் உங்களுக்கு எதிராகவே.

ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். டீக்கடை வைஃபையில் உங்கள் கணினி இணையும்போது முதலில் செய்வது, "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள்" என்று கேட்பது. இந்தக் கேள்வி பதில் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது டிஎச்கிளையன்ட் என்ற சிறு மென்பொருள். பதில் வந்ததும் அது தானே முகவரியைப் பொருத்திக்கொள்ளாது. ஒரு ஷெல் ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, எதிர்முனை அனுப்பிய விவரங்களை அப்படியே அதன் கையில் கொடுத்துவிடும். ஏன் இந்தச் சுற்றுவழி? நிர்வாகிகள் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளை அந்த ஸ்கிரிப்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. கேட்க நல்ல வசதிதான். அப்படிக் கட்டளை சேர்த்துக்கொண்டவர்கள் சிலர். சேர்க்காதவர்களின் கணினியிலும் அந்த ஸ்கிரிப்ட் ஓடியது, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே ஓடியது.

2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெளியே வந்தது. இத்தகைய ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பாஷ் ஷெல்லுக்குக் கையளிக்கப்படும் விவரத்துக்குள் கட்டளையை ஒளித்து வைத்தால், பாஷ் அதை நிறைவேற்றிவிடும். டிஎச்கிளையன்ட் கையளித்ததெல்லாம் வெளியாள் அனுப்பிய விவரம். ஆக, டீக்கடை வைஃபையை நடத்துகிறவர், இணைந்த கணினியில் தான் நினைத்ததைச் செய்ய முடிந்தது. நீங்கள் இணையப் பக்கம் எதையும் திறக்க வேண்டியதுகூட இல்லை. முகவரி கேட்டதே போதும். பாஷில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். 2018 மே மாதம் ரெட்ஹேட் லினக்ஸில் அதே டிஎச்சிபி பொட்டலத்தோடு வந்த வேறொரு ஸ்கிரிப்டில் வேறொரு ஓட்டை. பலன் அதேதான், ரூட் அதிகாரம். ஓட்டைகள் இரண்டு, காரணம் ஒன்று: வெளியாள் சொன்னதை ஸ்கிரிப்டிடம் கொடுப்பது.

ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் தங்கள் டிஎச்கிளையன்டிலிருந்து அந்த ஸ்கிரிப்டை ஷெல்ஷாக்குக்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். ஷெல்ஷாக் வரும் என்று ஜோசியம் பார்த்து எடுக்கவில்லை. முகவரியைப் பொருத்துவதற்கு இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் நேரடியாகச் சொன்னால் போதுமே, நடுவில் ஷெல் எதற்கு என்றுதான் எடுத்தார்கள். 2021 அக்டோபரில் வந்த 7.0 பதிப்பில் இன்னும் ஒரு படி போய், புதிய மென்பொருளையே இயல்பிருப்பாக வைத்தார்கள். அதில் வேலை மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. வெளியாளின் பதிலைப் பிரித்துப் படிக்கும் பகுதிக்கு உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமையே கிடையாது. பழைய அமைப்புக் கோப்பில் எழுதிக்கொள்ள முடிந்த விருப்பங்கள் பல புதியதில் இல்லை. இருப்பதை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை.

ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையின் கதையை இந்தப் பத்திரிகை வாசகர்களில் சிலர் அப்போதே படித்திருப்பீர்கள். வங்கி, மின்னஞ்சல், கடை என்று இணையத்தின் பூட்டுகள் பெரும்பாலானவற்றைத் தந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 2012 மார்ச்சில் ஒரு புது வசதியோடு வந்தது: மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் 'இதயத் துடிப்பு'. யுடிபி வழி இணைப்புகளுக்குத்தான் அதன் உண்மையான தேவை. சாதாரண இணையதளங்கள் நடக்கும் டிசிபியில் அதற்குப் பெரிய வேலை இல்லை. ஆனாலும் எல்லா இடத்திலும் இயக்கத்தில் இருந்தது. "நான் ஒரு சொல் அனுப்புகிறேன், திருப்பிச் சொல், அதன் நீளம் இவ்வளவு" என்று மறுமுனை சொன்னால் சர்வர் அந்த நீளத்தை அப்படியே நம்பியது. சொல்லைச் சின்னதாக அனுப்பி நீளத்தைப் பெரிதாகச் சொன்னால், தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். 2014 ஏப்ரல் 7இல்தான் ஊருக்குத் தெரிந்தது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம், பிழை செய்தவர் யார் என்பது இல்லை. பிழை எல்லோரும் செய்வார்கள். அந்த வசதியைக் கேட்டவர்கள் மிகச் சிலர். நஷ்டப்பட்டவர்கள் கேட்காதவர்கள், அப்படி ஒன்று இருக்கிறது என்றே அறியாதவர்கள். மொய் வாங்கியவர் ஒருவர், திருப்பிச் செய்ய வேண்டியது ஊரே என்றால் எப்படி இருக்கும்? நெட்வொர்க் மென்பொருளில் வசதி சேர்ப்பது அநேகமாக இப்படித்தான் நடக்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்களையும் திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. முழு நேரமாக உழைத்தவர் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அவர்கள் தந்த பூட்டை வைத்துக் கோடிகளைப் புரட்டிய நிறுவனங்கள், "இன்னும் இதைச் சேர், அதைச் சேர்" என்று கேட்டனவே தவிர, குப்பையை அள்ள ஆள் வைக்கவில்லை. ஹார்ட்பிளீட் வெளியான அதே மாதம் ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் அந்த நிரலின் ஒரு பிரதியை எடுத்து லிப்ரேஎஸ்எஸ்எல் என்று பெயர் வைத்துச் சுத்தம் செய்ய உட்கார்ந்தார்கள். முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் வெளியே போயின. 16 பிட் விண்டோஸ், ஓஎஸ்/2, பழைய மேக் என்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியவற்றுக்கான ஆதரவெல்லாம் அதில் இருந்தது.

லினக்ஸ் கர்னலிலும் இப்படிக் கிடந்தவை உண்டு. டிசிசிபி என்ற நெறிமுறை 2005இல் உள்ளே வந்தது. உலகில் அதைப் பயன்படுத்தியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2017இல் அதில் ஒரு ஓட்டை தெரியவந்தது. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் அதன் வழியாக ரூட் ஆகிவிடலாம். பதினொரு வருடத்துக்கும் மேல் அங்கேயே இருந்த ஓட்டை. பராமரிக்க ஆளில்லை என்று நெறிமுறையையே 2025இல் அகற்றினார்கள்.

இதுவரை படித்தவர், நான் எளிமைக் கட்சி என்று முடிவு கட்டியிருப்பார். முழு உறுப்பினர் இல்லை. எளிமை பேசுகிறவர்களிடம் எனக்குச் சண்டையும் உண்டு. ஓப்பன்பிஎஸ்டியில் 2014இல் புளூடூத் ஆதரவையே எடுத்துவிட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது காரணம். நியாயமான காரணம். ஆனால் அதன் பிறகு நல்ல முறையில் திருப்பி எழுதவும் இல்லை. வாசல் காக்கும் கணினிக்குப் புளூடூத் வேண்டாம். எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நாள் முழுக்கப் பேசும் பெண்ணின் மடிக்கணினிக்கு ஹெட்செட் வேண்டும். அவருக்கு நான் ஓப்பன்பிஎஸ்டி கொடுத்தால் என் எளிமையின் செலவை அவர் கழுத்தில் கட்டுகிறேன் என்று அர்த்தம். அவருடைய கணினியில் இருப்பது லினக்ஸ். எங்கள் கோப்பு சர்வர்களிலும் லினக்ஸ்தான். வேகம் வேண்டிய இடத்தில் வேகம் வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியில் பல கோர்கள் இருந்தும் பாக்கெட்டுகளைக் கையாளும் வேலை நெடுநாள் பெரும்பாலும் ஒன்றின் தலையிலேயே விழுந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரித்துக்கொண்டு வருகிறார்கள்.

"வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் நடந்தது நல்ல பாடம். மார்ச் 29ஆம் தேதி, மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் ஒரு செய்தி வெளியிட்டார். தன் கணினியில் எஸ்எஸ்எச் வழி உள்நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவியிருக்கிறார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வெளியீடுகளின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது போயிருந்தது. நிலைப் பதிப்புகளுக்குப் போகுமுன் பிடிபட்டது.

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி. உலகின் சர்வர்களில் பெரும்பாலும் இருப்பது ஓப்பன்பிஎஸ்டிக்காரர்கள் எழுதிப் பராமரிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச். அவர்களுடைய மூல நிரல் எக்ஸ்இசட்டைத் தொடவே தொடாது. பிறகு எப்படி அது அங்கே வந்தது? பல லினக்ஸ் வெளியீடுகளில் சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டி என்ற மேலாளர் உண்டு. எஸ்எஸ்எச் சர்வர் எழுந்ததும் அதனிடம் "நான் தயார்" என்று சொல்ல வேண்டும். மூல நிரலில் அந்த வசதி இல்லை. எனவே டெபியனும் ரெட்ஹேட் வழியினரும் தாங்களே ஒரு பேட்ச் போட்டார்கள். அந்தப் பேட்ச் சிஸ்டம்டியின் நூலகத்தை இழுத்தது. அந்த நூலகம் பதிவேடுகளைச் சுருக்கவும் தெரிந்தது என்பதால் எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்தது. "நான் தயார்" என்று இரண்டு சொல் சொல்வதற்காக, உலகின் மிக முக்கியமான நுழைவாயிலுக்குள் கோப்புச் சுருக்கும் நிரல் வந்து உட்கார்ந்தது. கதவு வைத்தவர் கண்ணில் பட்டது இந்த இணைப்புதான்.

எளிமைக் கட்சிக்காரர்கள் அன்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். எங்கள் மூல நிரலில் ஓட்டை இல்லை பார்த்தீர்களா என்றார்கள். பாதி உண்மை. சர்வர் தயாரானதும் மேலாளரிடம் சொல்வது நியாயமான தேவை. நியாயமான தேவைக்கு மூலத்தில் இடம் இல்லையென்றால் அது பின்பக்கம் வழி தேடும். அந்தப் பேட்சை மூல நிரலை எழுதியவர்களின் கண் கொண்டு யாரும் பார்க்கவில்லை. 2024 ஜூலை 1இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8 பதிப்பில் அவர்களே அந்த வசதியைச் சேர்த்தார்கள். எந்த நூலகத்தையும் இழுக்காமல், ஒரு சாக்கெட்டில் ஒரு சிறு செய்தியை எழுதும் சொந்த நிரலாக. அவ்வளவுதான் வேலை. பத்து வருடம் முன்னால் செய்திருக்கலாம் என்பது என் கருத்து.

கேட்டதைக் கேட்டபடி சேர்ப்பதும் எளிது, கேட்டவரைத் துரத்துவதும் எளிது. கேட்டவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தோண்டி எடுத்து, அதை மட்டும் கொடுப்பதுதான் பராமரிப்பாளரின் தொழில். சிஸ்டம்டி ஆதரவு கேட்டவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரு வரிச் செய்தி.

சுத்தம் செய்வதிலும் ஆபத்து உண்டு என்பதை அதே 9.8 பதிப்பு காட்டியது. 2006இல் அடைத்த ஒரு ஓட்டை மறுபடி திறந்திருப்பதை அதில்தான் சரிசெய்தார்கள். திறந்தது எப்போது? 2020 அக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைச் சீராக்கியபோது, பாதுகாப்புக்காக வைத்திருந்த ஒரு சிறு நிபந்தனை சேர்ந்து கழிந்துபோயிற்று. வரி குறைந்தால் தானாகப் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்கள் இதை எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். (ஓப்பன்பிஎஸ்டியில் மட்டும் அந்த ஓட்டை வேலை செய்யவில்லை, பதிவு எழுதும் முறையை 2001லேயே வேறு விதமாக எழுதியிருந்தார்கள்.)

எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எஸ்எஸ்எச்சின் பழைய முதல் நெறிமுறை பலவீனமானது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை ஒரே ராத்திரியில் வெட்டவில்லை. 2015இல் இயல்பாகவே அது சேராதபடி செய்தார்கள்; 2017இல் முழுக்க எடுத்தார்கள். 2021இல், எஸ்எச்ஏ-1 என்ற பழைய முறையில் இடும் கையொப்பங்களை இயல்பில் ஏற்பதை நிறுத்தினார்கள். எங்கள் பேக்கிங் பகுதியில் இருக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றுக்கு அந்தப் பழைய முறை மட்டும்தான் தெரியும். இயங்குதளத்தைப் புதுப்பித்த அன்று அது என்னை உள்ளே விடவில்லை. என் கணினியின் அமைப்புக் கோப்பில், "இந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் பழையதை ஏற்றுக்கொள்" என்று ஒரு வரி எழுதினேன், வேலை முடிந்தது. பழைய சாமானை வைத்திருப்பது நான். ஆபத்தைச் சுமப்பதும் நான் மட்டுமே. கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ எஸ்எஸ்எச் பயன்படுத்தும் இன்னொருவர் எனக்காகப் பலவீனப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு வரி வேறு உபகாரமும் செய்தது: ஸ்விட்ச் கிழடாகிவிட்டது என்று முதலாளிக்குக் காட்ட என்னிடம் எழுத்திலேயே சாட்சி இருந்தது. மறு வருட பட்ஜெட்டில் புது ஸ்விட்ச் வந்தது.

நம் ஊரில் இத்தகைய மென்பொருளை எழுதுகிறவர்கள் குறைவு, பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் சர்வர் அறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இது. ஏதாவது ஒரு திட்டத்துக்குப் புது வசதி வேண்டும் என்று எழுதும்போது வசதியின் பெயரை எழுதாதீர்கள். என்ன வேலை நடக்கவில்லை, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அது உங்கள் ஒருவருக்கு மட்டும் வேண்டியதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நிரலையும் சேர்த்து அனுப்புகிறீர்களா? நல்லது. அதில் பிழை வந்தால் இன்னும் ஐந்து வருடம் கழித்தும் பதில் சொல்ல இருப்பீர்களா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். இருக்க மாட்டீர்கள் என்றால், "வேண்டாம்" என்று பதில் வரும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.